கடைவாய்ப் பல்

எங்கள் தெருவில் ஒரு பையன் ஏழு மாதம் சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. பேச்சு வராது. பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து வரும் பஸ்களின் ஹாரன் சத்தத்தை வைத்தே எது எந்த வண்டி என்று அவனுக்குத் தெரியும். பிடித்த வண்டி வந்தால் திண்ணையிலிருந்து குதித்து ஓடுவான். மற்ற நேரமெல்லாம் ஒரு பழைய சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். குறுவை அறுப்பு முடிந்த சமயத்தில் மோதத் தொடங்கினான். சம்பாவும் அறுத்து, வைக்கோல் போர் போட்டு, பங்குனி முடிந்த பிறகும் அது நிற்கவில்லை.

நாங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ராத்திரி ஊர் அடங்கிய பிறகு அந்தச் சத்தம் நாலு வீடு தாண்டியும் கேட்கும். "அமாவாசை நெருங்குதுல்ல, அதான்" என்றோம். அமாவாசை போனதும், "வயசு ஏறுது, ஆம்பளப் பிள்ளைக்கு அப்படித்தான் வரும்" என்றோம். எதிர்வீட்டு அத்தாச்சி மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார். அவன் அம்மா அவனை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். போன இடத்திலெல்லாம் அவள் கையிலிருந்த பழைய சீட்டை வாங்கிப் பார்த்தார்கள். ஆட்டிசம் என்று அதில் எழுதியிருந்தது. அதைப் படித்த பிறகு அவனைத் தொட்டுப் பார்த்தவர் யாருமில்லை. தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார்கள். அதற்கு அடங்கவில்லை என்றதும் அளவைக் கூட்டினார்கள். பகலெல்லாம் எச்சில் வழியத் தூங்கினான், எழுந்ததும் மோதினான்.

நெற்றி பிளந்து தையல் போட்டு வந்த அன்றைக்கு அவனைத் திண்ணைத் தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டுவதற்குச் சேலை கொடுத்தது நான். கயிறு என்றால் கையை அறுக்கும், பழைய நூல் சேலை மெத்தென்று இருக்கும் என்று பெட்டியிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன். இரக்கப்பட்டுத்தான் கொடுத்தேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் கன்னம் வீங்கி, சீழ் கட்டி உடைந்தது. கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு வேர் வரை சொத்தை. தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்கினார்கள். நாலாம் நாள் மோதுவது நின்றது. அதற்குப் பிறகு இந்தப் பத்து வருடத்தில் அவன் தலையை எங்கேயும் மோதவில்லை.

பல் வலி. ஏழு மாதமாக அவனுக்கு இருந்தது பல் வலி. நமக்கு ஒரு ராத்திரி பல் வலித்தால் கிராம்பைக் கடித்துக்கொண்டு வீட்டையே எழுப்பிவிடுகிறோம். அத்தனை வீடுகள் இருக்கிற தெருவில், ஆசிரியர்களும் நர்ஸும் மருந்துக்கடைக்காரரும் குடியிருக்கிற தெருவில், அந்தப் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்று யோசிக்கும்போதெல்லாம் ஒரு வார்த்தையில் வந்து நிற்கிறேன்: "அவன் அப்படித்தான்." கத்தினால் அப்படித்தான், சாப்பிடாவிட்டால் அப்படித்தான், ஒண்ணுக்குப் போகும்போது அழுதாலும் அப்படித்தான். நோய் வருவதற்கு ஒரு உடம்பு அவனுக்கு இருப்பதையே நாங்கள் மறந்துபோனோம். காது வலி, மலச்சிக்கல், வயிற்றுப்புண், உடைந்த எலும்பு என்று நமக்கு வருகிற எல்லாம் அவனுக்கும் வரும். சொல்ல வாய் இல்லாததால் கையாலும் தலையாலும் சொல்லுவான். அந்தச் சொல்லை நாங்கள் 'சேட்டை' என்று பெயர்த்துக்கொண்டோம்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. குறைபாட்டின் நிழல் விழுந்து, வந்த நோய் கண்ணில் படாமல் போவதை மருத்துவம் படித்தவர்கள் பல காலமாகவே எழுதி வருகிறார்கள். இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உள்ள ஆறு பேர் அரசு மருத்துவப் பராமரிப்பில் இருக்கும்போது இறந்ததை வைத்து, மென்கேப் என்கிற அமைப்பு 2007-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அலட்சியத்தால் நேர்ந்த சாவு என்பதே அதன் தலைப்பு. 2016 நவம்பரில் பிரிஸ்டல் நகரத்தில் ஆலிவர் மெக்கோவன் என்ற பதினெட்டு வயது இளைஞன் இறந்தான். ஆட்டிசமும் வலிப்பும் உள்ளவன். மனநோய்க்குக் கொடுக்கும் மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவனும் சொன்னான், பெற்றோரும் சொன்னார்கள். அதையும் மீறிக் கொடுத்தார்கள், மூளை வீங்கிப் போனது. அவன் தாய் விடாமல் போராடியதன் பலனாக, மருத்துவப் பணியாளர்கள் எல்லாரும் ஆட்டிசம் பற்றிப் பயிற்சி பெற்றே ஆக வேண்டும் என்று அந்த நாட்டில் 2022-இல் சட்டமே வந்தது. அங்கே ஒரு சாவுக்குப் பெயரும் விசாரணையும் பதிலும் இருந்தன. எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பிள்ளை போய்விட்டால், "பாவம், அதுவும் விடுதலையாச்சு, பெத்தவளும் விடுதலையானா" என்று சொல்லிவிட்டுத் தலை முழுகிவிட்டு வருவோம். அந்தப் பேச்சை நானும் பேசியிருக்கிறேன். என்ன காய்ச்சல், எத்தனை நாள், யார் பார்த்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரத்தநாட்டுக்காரர்களான நாங்கள் இப்படி இருப்பதில் கூடுதல் வெட்கம் உண்டு. இந்த ஊர் வளர்ந்ததே முத்தம்பாள் சத்திரத்தைச் சுற்றித்தான். இரண்டாம் சரபோஜி மன்னர் தமக்குப் பிரியமான முத்தம்பாளின் நினைவாக, ராமேசுவரம் போகிறவர்களுக்காகக் கட்டியது. தஞ்சைச் சத்திரங்களில் என்னவெல்லாம் நடக்கிறது என்று 1801-இல் ஆங்கில ரெசிடெண்டுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். வழியில் நோய்ப்பட்டு வந்து சேருகிறவர்களுக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் கொடுத்து, குணமாகும்வரை மரியாதையோடும் அன்போடும் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார். யாருமில்லாத பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் எண்ணெய்க் குளியலும் உண்டு. மருந்து மட்டும் கொடுப்பதாக அவர் எழுதவில்லை, மரியாதையையும் சேர்த்தே எழுதுகிறார். அவருடைய தன்வந்தரி மகால் என்ற மருத்துவக் கூடத்தில் கண் சிகிச்சைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாகக் குறிப்பு எழுதி, கண்ணைப் படமாகவும் வரைந்து வைத்தார்கள். சரசுவதி மகாலில் அந்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன. முகம் தெரியாத யாத்திரிகனுக்கு அந்தக் காலத்தில் நடந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எங்கள் காலத்தில் நடக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் 2012 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அது எங்களுக்குப் பெருமை. மாடு வளர்க்கிற குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் எனக்குத் தெரியும்: மாடு அசை போடாவிட்டால் அப்பாயி முதலில் அதன் வாயைப் பிரித்துப் பார்ப்பார். நாக்கைத் தொடுவார், காதைப் பிடித்துச் சூடு பார்ப்பார், சாணியைப் பார்ப்பார், வயிற்றைத் தட்டுவார். பேசாத உயிருக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஊர் இது. அந்தப் பழக்கம் எங்கள் கையில் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு ஏழு மாதமும் அதைக் கொடுக்காமல் வைத்திருந்தோம்.

நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். அவனுக்கு ஆறு வயதாகும்போது அவன் அம்மா சேர்க்கக் கூட்டிவந்தாள். "இங்க இருக்கிற நாப்பது பிள்ளையையே என்னால மேய்க்க முடியலம்மா, இவன ஸ்பெஷல் ஸ்கூல்ல சேத்துவிடு" என்றேன். நல்ல வார்த்தையாகத்தான் சொன்னேன். ஸ்பெஷல் ஸ்கூல் எங்கே இருக்கிறது, அங்கே தினம் யார் கூட்டிக்கொண்டு போவது என்று நான் யோசிக்கவில்லை. 2013 முதல் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. கண், காது, தோல் எல்லாம் பார்ப்பார்கள். சொத்தைப் பல்லும் அந்தப் பட்டியலில் உண்டு. என் வகுப்பில் இருந்த ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் குழுவின் முன்னால் வாயைத் திறந்து காட்டியது. பெயர்ப் பதிவேட்டில் இல்லாத பிள்ளை திண்ணையில் இருந்தான். அவன் வாயை மூடிவைத்ததில் என் கையெழுத்தும் இருக்கிறது.

பெண் பிள்ளைகளுக்குச் செய்ததைச் சொல்ல எனக்கு இன்னும் தயக்கமாக இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மகள். அறிவு வளர்ச்சி குறைவு. சிரித்த முகம், எல்லாரையும் "அக்கா" என்பாள், என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள். வயதுக்கு வந்த பிறகு ஓய்வறையில் ஆளாளுக்குப் பேசினோம். "மாசா மாசம் எப்படிச் சமாளிப்ப? நாளைக்கு எவனாவது கெடுத்துட்டா வயித்துல வாங்கிக்கிட்டு நிப்பா. கர்ப்பப்பைய எடுத்துடு, அவளுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி." இதைச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. எடுத்துவிட்டார்கள். எங்கே, யார் எடுத்தார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சொல்லிக் கொடுத்த வாய்களில் என் வாயும் இருக்கும்போது விரல் நீட்ட எனக்கு உரிமை இல்லை. என்ன செய்யப்போகிறார்கள் என்று அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்த பிறகு வெகு நாள் வரைக்கும், யாரைப் பார்த்தாலும் தாவணியை விலக்கித் தையல் தழும்பைக் காட்டி, "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்பாள்.

கர்ப்பப்பையை எடுத்தால் கர்ப்பம் வராது, அவ்வளவுதான். கெடுக்க நினைக்கிறவனை அது தடுக்காது. தடயம் இல்லாமல் போவதால் அவனுக்குத் துணிச்சல்தான் கூடும். எங்கள் பயமெல்லாம் அவளுக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றியதாக இருந்திருந்தால், அவளைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசியிருப்போம். தொடுகிறவனைத் தள்ளிவிட்டுச் சத்தம் போடச் சொல்லிக் கொடுத்திருப்போம். பொம்மையை வைத்து, படத்தைக் காட்டி, துணி மாற்றப் பழக்குகிற சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். கேட்டிருந்தால் வழி கிடைத்திருக்கும். நாங்கள் பயந்தது ஊர்ப் பேச்சுக்கு.

1994-இல் மகாராஷ்டிரத்தில் சிரூர் அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களைப் புணேயின் சசூன் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கர்ப்பப்பையை எடுத்தபோது நாடு முழுதும் பெண்கள் அமைப்புகள் கொதித்து எழுந்தன. பத்திரிகையில் நானும் படித்தேன், ஆத்திரப்பட்டேன். அதே நான்தான் ஓய்வறையில் அப்படிப் பேசினேன். 2009-இல் சண்டிகர் அரசு இல்லத்தில் கர்ப்பமான ஒரு பெண்ணின் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவள் பிள்ளையைப் பெற்றுக்கொள்ள விரும்பினாள். சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அறிவுசார் குறைபாடு இருந்தாலும் அவள் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்று தடுத்தது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில், தானாக, விவரம் அறிந்து கொடுத்த சம்மதம் இல்லாமல் யாருக்கும் மலட்டுத்தன்மை உண்டாக்கும் சிகிச்சை செய்யக்கூடாது என்று பத்தாம் பிரிவு சொல்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை என்று சொல்லிக் கருத்தடை செய்வதை 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. தழும்பைக் காட்டி அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இவற்றில் பதில் இருக்கிறது. அவளிடம் போய் அதைச் சொல்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

சங்கிலியால் கட்டிப்போடுவதையும் அந்த 2017 சட்டம் தடை செய்திருக்கிறது. சங்கிலி என்றால் எங்கள் தலைமுறைக்கு ஏர்வாடி நினைவு வரும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்துக் கீற்றுக்கொட்டகை பற்றி எரிந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. அன்றைக்கு எல்லாரும் அந்தக் காப்பகத்தாரைத்தான் ஏசினோம். அங்கே கொண்டுபோய் விட்டது யார்? எங்கள் பக்கத்திலிருந்தும் குணசீலத்துக்கும் திருவிடைமருதூருக்கும் ஏர்வாடிக்கும் வீட்டு ஆட்களைக் கூட்டிப்போனார்கள். கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை நான் குறை சொல்லமாட்டேன். மனசு உடைந்த தாய்க்கு அங்கே கிடைத்த ஆறுதலை எந்த ஆஸ்பத்திரியும் கொடுத்ததில்லை. ஆனால் விட்டுவிட்டு வந்த பிறகு, போய்ப் பார்க்காமல் இருந்தோமே, அது எங்கள் குற்றம். கொட்டகையில் எரிந்த சங்கிலிக்கும் திண்ணையில் கட்டிய என் சேலைக்கும் தூரம் அதிகமில்லை.

திண்ணைப் பையன் வீட்டில் மிச்சமிருந்ததை ஆசை காட்டிப் பறித்தார்கள். அவன் அம்மாவிடம் இரண்டு மா நிலம் இருந்தது, புது ஆற்றுப் பாசனம். ஸ்டெம் செல் ஏற்றினால் பேச்சு வரும் என்று யாரோ சொல்லி, நிலத்தை விற்று அவனை வெளியூர் கொண்டுபோனாள். பேச்சு வரவில்லை. ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர வேறெதற்கும் ஸ்டெம் செல்லை நிரூபிக்கப்பட்ட சிகிச்சையாகக் கொடுக்கக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கவே கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் சொன்னது. அந்த விவரத்தை அவளுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டிய படித்தவர்கள் நாங்கள். "எதையாவது செஞ்சு பாரு, விட்டுடாத" என்றுதான் சொன்னோம். வேறு எந்த உதவியும் செய்யாதவர்களுக்கு அப்படிச் சொல்வது சுலபம்.

அவளைப் பழித்ததும் நாங்கள்தான். கிரகணத்தன்று வெளியே வந்தாள், கைக்குழந்தையை டிவி முன்னால் போட்டாள் என்று காரணம் கண்டுபிடித்தோம். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில், பாசமில்லாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று பெரிய பெரிய நிபுணர்கள் சொன்னார்கள். ஆட்டிசமுள்ள பிள்ளையின் தகப்பனான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-இல் எழுதிய புத்தகம் அதை உடைத்தது. எங்கள் தெருவுக்கு அந்தப் புத்தகம் வரவில்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, ஊசி போட்டால் ஆட்டிசம் வரும் என்ற வதந்தி வாட்ஸ்ஆப்பில் பரவியது. 1998-இல் லண்டனிலிருந்து வெளியான ஒரு கட்டுரையில் கிளம்பிய பொய் அது. 2010-இல் அந்தக் கட்டுரையைப் பத்திரிகையே திரும்பப் பெற்றது, எழுதிய மருத்துவர் பதிவை இழந்தார். எங்கள் பெண்கள் திண்ணையிலிருந்த பையனைக் காட்டி, "இவன மாதிரி ஆயிடுமாம்" என்று பேசிக்கொண்டார்கள். அவன் காது கேட்காதவன் இல்லை.

மாற்றுத்திறனாளி என்ற நல்ல சொல்லை 2010-இல் கலைஞர் அரசு கொண்டுவந்தது. பலகையிலும் பேச்சிலும் அதைப் பிடித்துக்கொண்டோம். ஆட்டிசமுள்ளவர்களை அரசுத் தமிழ் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்' என்கிறது. ஹாரனைக் கேட்டு வண்டியைச் சொல்கிற பையனுக்கா புற உலகச் சிந்தனை இல்லை? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். அந்தப் படிவத்தில் எட்டு வகைகள்தான், ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. கணக்கெடுக்கப் போன ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. அவன் வீட்டுக்கும் நான்தான் போனேன். ஏதோ ஒரு கட்டத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

ஒன்றுமே இல்லாமல் இல்லை. மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை வருகிறது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும். பல் பராமரிப்பும் அதில் சேர்த்தி. அதை நான் அறிந்தது பல் பிடுங்கிய பிறகு. பதினெட்டு வயது ஆனதும் கலெக்டர் தலைமையிலான குழுவிடம் மனுப்போட்டுச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கலாம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அவன் அம்மாவுக்கு இப்போது சர்க்கரை, முட்டி வலி. "எனக்குப் பின்னாடி யாரு டீச்சர்?" என்று அவள் கேட்கும்போது நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

2016 சட்டத்தின் இருபத்தைந்தாம் பிரிவை அவளுக்காகவே எழுத்துக் கூட்டிப் படித்தேன். வீட்டுக்கு அருகிலேயே, குறிப்பாகக் கிராமங்களில், இலவச மருத்துவம். அரசு, தனியார் என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் தடையில்லாமல் போய்வர வசதி. பார்ப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை.

போன மாதம் அவனுக்கு மறுபடியும் முகம் சரியில்லை. சோற்றைத் தள்ளினான். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். ஓ.பி.யில் நல்ல கூட்டம், மின்விசிறிச் சத்தமே அவனுக்குத் தாங்காது, காதைப் பொத்திக்கொண்டு நின்றான். வரிசையில் முன்னால் விடச்சொல்லிக் கேட்க அவன் அம்மாவுக்கு வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போனோம். இளம் வயது டாக்டரம்மா. "என்னம்மா பண்ணுது பையனுக்கு?" என்று வழக்கம்போல் அவளைத்தான் கேட்டார். அவள் சொன்னாள்: "அவன்ட்டயே கேளுங்கம்மா. கொஞ்ச நேரம் ஆகும். ஆனா காட்டுவான்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "எங்கப்பா வலிக்குது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவன் மேசையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், விரல்களை முகத்துக்கு நேரே ஆட்டினான். ஒரு நிமிஷம் போயிருக்கும். கதவுக்கு வெளியே வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று யாரோ சத்தமாகவே கேட்டார்கள். நான் என் கடிகாரத்தைப் பார்த்தேன்.

நிமிர்ந்தபோது அவன் கை காதுக்குக் கீழே, இடது தாடையில் இருந்தது.